பதினோரு நாள் மூத்தவர்

லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற என் மாமனார், ஆறு வருடமாகத் தன் கொள்ளுத்தாத்தாவின் பிறந்த தேதியைத் தேடிச் சர்ச் சர்ச்சாக ஏறி இறங்கினார். கார் ஓட்டி என் இடுப்பு ஒடிந்ததுதான் மிச்சம்.

"பேரப்பிள்ளைங்க பிறந்தநாள் ஒண்ணுகூட ஞாபகமில்ல. செத்தவரு பிறந்தநாளுக்கு இந்த அலைச்சல்!" என்பார் மாமியார்.

நான்காவது சர்ச்சின் ஞானஸ்நானப் பதிவேட்டில் கொள்ளுத்தாத்தா கிடைத்தார், இரண்டு முறை. அதே பெயர், அதே பெற்றோர். தேதி மட்டும் இரண்டு வருடம் தள்ளி.

"எழுதினவன் தூங்கி வழிஞ்சிருக்கான்!" என்று எரிந்து விழுந்தார் மாமனார்.

சர்ச் அலுவலகத்து அம்மா, இறந்தவர்களின் அடக்கப் பதிவேட்டை எடுத்துப் பிரித்தார். முதல் குழந்தை பதினோரு நாளில் இறந்திருந்தது.

"அப்பல்லாம் தவறின பிள்ளை பேரையே அடுத்த பிள்ளைக்கு வைப்பாங்க, ஐயா."

மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், நெடுநேரம் துடைத்தார். நான் குடும்ப வரைபடத்தை விரித்து, கொள்ளுத்தாத்தாவின் கட்டத்துக்குப் பின்னால் சின்னதாக ஒரு கட்டம் போட்டேன்.

அவர் என் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"அவரு மூத்தவரு, மாப்பிள்ளை. முன்னாடி போடுங்க."