கண்ணாடிக்குள் ஓர் ஓட்டுத் துண்டு

தொண்ணூற்று நான்கில், வேலை இல்லாத புதன்கிழமைகளில் ஹவுன்ஸ்லோவிலிருந்து ரயிலேறி லண்டன் மியூசியம் ஒன்றுக்குப் போய்விடுவேன். என் அறையைவிட அங்கே குளிர் குறைவு. கிரேக்க மண்டபத்தின் காவலாளி யாழ்ப்பாணத்தவர். நரைத்த மீசை, தோளுக்குப் பெரிதான சீருடை. கண்ணாடியைத் தொடுகிறவர்களை விரட்டுவார். ஆனால் ஒரு பெட்டியை மட்டும் தானே சட்டைப்பை லேஞ்சியால் துடைத்துக்கொண்டிருப்பார். உள்ளே உடைந்த பானை ஓடு ஒன்று, அதில் கீறிய எழுத்து.

ஒருநாள் கேட்டேன். "என்னண்ணை எழுதியிருக்கு?"

"ஒராளின்ரை பேர், தம்பி. அந்தக் காலம் ஏதென்ஸிலை ஒருத்தன் அதிகாரத்திலை மிஞ்சிப்போறான் எண்டு நினைச்சால் சனம் அவன்ரை பேரை ஓட்டிலை கீறிப் போடும். கனபேர் கீறினால் அவன் பத்து வருசம் ஊரைவிட்டுப் போகவேணும்."

"வீடு வளவு?"

"ஒருத்தரும் பறிக்கேலாது. பத்து வருசம் முடிய வந்து இருக்கலாம்."

"பாவம்" என்றேன்.

"என்ன பாவம்? திரும்புற நாள் தெரிஞ்செல்லோ போறான்."

"நீங்கள் இஞ்சை வந்து எத்தினை வருசம்?"

"பதினொண்டு" என்றவர் லேஞ்சியை எடுத்தார்.

அவர் துடைத்த விதம் இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. அந்தக் கண்ணாடியில் அழுக்கே இருக்கவில்லை.