சத்தமாகச் சொன்ன மன்றாட்டு

ராயபுரத்தில் எங்கள் தெருக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கும் அன்பியக் கூட்டம் வாரம் ஒரு வீட்டில் நடக்கும். ஜெபமாலை முடிந்ததும் ஒவ்வொருவரும் தங்கள் மன்றாட்டை வாய்விட்டுச் சொல்வோம்.

போன வருடம் என் தங்கை மகள் ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. யாருக்காவது தடை இருந்தால் சொல்லும்படி மூன்று ஞாயிறு பூசையில் வாசிக்க வேண்டிய கல்யாண ஓலையில் முதல் ஓலை கோவிலில் வாசித்தாயிற்று. அந்த வாரக் கூட்டத்துக்குத் தங்கை வரவில்லை. என் முறை வந்தபோது, "ஸ்டெல்லா மின்னாடி ஒரு பையனை விரும்பிச்சு. அந்த நெனப்பு இல்லாம அது நல்லா வாழணும் ஆண்டவரே" என்று உருக்கமாகச் சொன்னேன். தங்கை என்னிடம் மட்டும் அழுதுகொண்டே சொன்ன விஷயம் அது. எல்லோரும் ஆமென் என்றார்கள். அவர்களில் மாப்பிள்ளையின் சித்தியும் இருந்தார். அவர் இருந்ததை நான் கவனிக்கவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பாவம்.

இரண்டாம் ஞாயிறு ஓலையில் ஸ்டெல்லாவின் பெயர் இல்லை. கல்யாணம் நின்றுவிட்டது.

தங்கை வீட்டுக்கு ஓடினேன். "அதோட நல்லதுக்குத்தான் ஜெபம் பண்ணேன்" என்றேன். அவள் கதவைப் பிடித்தபடி, "மனசுல பண்ணியிருந்தா ஆண்டவருக்குக் கேக்காதாக்கா? உம் பொண்ணுக்கு இன்னும் அமையலன்னு எரிஞ்சிகினு இருந்த. அதச் சொல்லு" என்றாள்.

அங்கிருந்து நேராகக் கோவிலுக்குப் போனேன்.

சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிச் செய்த பாவசங்கீர்த்தனத்தில் மன்னிப்புக் கிடைத்தது. தங்கையிடம் கிடைக்கவில்லை. இப்போது கூட்டத்தில் என் பொறாமைக்காக மட்டும் மன்றாடுகிறேன், வேறு யார் பெயரையும் எடுப்பதில்லை. தங்கை வீட்டில் கூட்டம் நடக்கும் வாரம் நான் போவதில்லை. ஏன் வரவில்லை என்று யாரும் கேட்பதுமில்லை.