பிணவண்டி எஞ்சின்

எங்கள் கார் புது எஞ்சினோடு முதன்முதலாகத் தெருவுக்குள் வந்த அன்று, பிணம் வருகிறது என்று நினைத்து நான் வாசல் கதவைச் சாத்தினேன். 1991, ஆடி மாதம். மத்தியானச் சோற்றில் அப்போதுதான் ரசம் ஊற்றியிருந்தேன். தெருமுனையில் அந்தச் சத்தம். எச்சில் கையோடு எழுந்து ஓடிக் கதவைத் தள்ளினேன். எதிர் வீட்டிலும் சாத்தினார்கள். சத்தம் நேரே எங்கள் வாசலுக்கு வந்து நின்றது. இடுக்கு வழியாகப் பார்த்தால் வாடகைக்கு ஓட்டும் எங்கள் பழைய அம்பாசிடர். உள்ளே என் வீட்டுக்காரர், வாயெல்லாம் பல். எனக்கு அப்போது நாலு மாதம்.

ஸ்ரீபெரும்புதூரில் அந்தச் சத்தத்தை அறியாத காது கிடையாது. செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து செத்தவர்களை வீட்டுக்குக் கொண்டுவர ஒருவர் டீசல் வேன் வைத்திருந்தார். சிங்கப்பெருமாள் கோவில், ஒரகடம் வழியாக வரும். மூன்று முறை ஒழுங்காகத் தட்டும், நாலாவது தட்டில் தொண்டையைச் செருமுகிற மாதிரி ஓர் இழுப்பு. அதைக் கேட்டால் பஜாரில் ஷட்டரைப் பாதி இறக்குவார்கள். டீக்கடையில் ரேடியோவை அணைப்பார்கள். லாரி, மாட்டு வண்டி எல்லாம் ஓரம் கட்டும். பூக்கடைக்காரர் ஒரு கை உதிரிப்பூவை அள்ளி வேன் மேல் வீசுவார். அதுவும் அந்த வருஷம் மே மாதத்தில் எங்கள் ஊரில் குண்டு வெடித்ததற்குப் பிறகு, எங்காவது பட்டாசு வெடித்தால்கூட எங்களுக்கு ஈரக்குலை நடுங்கும். ஊரே காதைத் தீட்டிக்கொண்டு இருந்த காலம்.

"இன்னாங்க இது?" என்று கேட்டேன்.

"டீசல் எஞ்சின். வேன்ல இருந்து எடுத்தது."

"எந்த வேன்?"

பானட்டைத் தூக்கி உள்ளே தலையை விட்டுக்கொண்டார்.

"யோவ், எந்த வேன்னு கேக்கறேன்!"

"எஞ்சினுக்கு இன்னா தெரியும், பின்னால யாரு படுத்துகினு வந்தாங்கன்னு?" என்றார் தலையை எடுக்காமலே.

எனக்கு வந்த ஆத்திரத்தில் தட்டோடு சோற்றைக் கொண்டுபோய் மாட்டுத் தொட்டியில் கொட்டினேன். என் மாமியார் நடு வாசலில் கற்பூரத்தை ஏற்றிவிட்டு மகனைப் பார்த்துக் கத்தினார். "புள்ளத்தாச்சி கீற வூட்டுக்கு இத்தயாடா இட்டாருவ, பாவி?"

என் வீட்டுக்காரர் ஏன் அப்படிச் செய்தார் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல். முந்தைய வருஷம் எனக்கு ஏழாம் மாதத்தில் வலி கண்டது. இதே காரில்தான் செங்கல்பட்டுக்குப் போனோம். அப்போது பழைய பெட்ரோல் எஞ்சின். ஹாரனில் கை வைத்தவர் எடுக்கவே இல்லை, ஒரு லாரிக்காரன்கூட ஒதுங்கவில்லை. சிங்கப்பெருமாள் கோவில் ரயில்வே கேட்டை அடைந்தபோது கேட் போட்டிருந்தார்கள். முன்னால் வண்டிகள் வரிசை. எஞ்சின் சூடேறி அங்கேயே நின்றுபோனது. ரயில் போய், கேட் திறந்து, பின்னால் இருந்தவர்கள் எங்களைத் திட்டிக்கொண்டே கடந்து போனார்கள். நாலு பேர் வண்டியைத் தள்ளிக்கொண்டிருக்கும்போது என் வயிற்றுக்குள் அசைவு நின்றது. எனக்குத் தெரிந்தது. யாரிடமும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

அதிலிருந்து அவருக்கு ஒரே வெறி, நடு ரோட்டில் நிற்காத எஞ்சின் வேண்டும். பிணவண்டிக்காரர் வயதாகித் தொழிலை விட்டுவிட்டு மகன் ஊருக்குப் போனார். வேனின் உடம்பு துருப்பிடித்து உதிர்ந்தது, எஞ்சின் மட்டும் கல் மாதிரி இருந்தது. ஒரகடம் கூட்டு ரோட்டு மெக்கானிக் அதைத் தூக்கி எங்கள் காரில் வைத்தார். கார் ஒரு கம்பெனி, வேன் அதற்கு ஆகாத இன்னொரு கம்பெனி. இதன் கியர்பாக்ஸும் அதன் எஞ்சினும் ஒன்றோடொன்று சேரவே சேராது. நடுவில் ஓர் இரும்புத் தட்டைக் கடைந்து மாட்டிச் சேர்த்திருந்தார்கள். "ரெண்டு கம்பெனிக்காரனும் ஒருத்தன் மூஞ்சில ஒருத்தன் முழிக்க மாட்டான். நான் தாலி கட்டி வெச்சிட்டேன்" என்று மெக்கானிக் பெருமை பேசினாராம். டீசல் எஞ்சின் கனம் தாங்காமல் காரின் மூக்கு தாழ்ந்தே இருந்தது.

அன்று வாசலில் எனக்கு நடுக்கம் கொடுத்தது வேறொன்று. என் வீட்டுக்காரர் சாவியைப் பிடுங்கி என் கையில் கொடுத்தார். எஞ்சின் நிற்கவில்லை. ஆள் இல்லாத வண்டி, சாவி என் கையில், அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. "டீசல் அப்படித்தாம்மே" என்று சிரித்துக்கொண்டே ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு கம்பியை இழுத்தார். அப்போதுதான் அடங்கியது. நான் செத்தாலும் இதில் ஏற மாட்டேன் என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது.

வாடகைக்குக் கூப்பிடுவது குறைந்தது. கல்யாணத்துக்கு ஒருவரும் கூப்பிடவில்லை. இனி எங்கள் கார்தான் பிணவண்டி என்று ஊரே முடிவு கட்டியிருந்தது. விடியற்காலையில் அவர் வண்டியைக் கிளப்பினால் தெருமுனை நாய் வானத்தைப் பார்த்து ஊளையிடும். புரட்டாசியில், எதிர் வீட்டில் படுத்த படுக்கையாக இருந்தவர் போய்ச் சேர்ந்தார். அவர் எப்படியும் போகிறவர்தான். ஆனாலும் குழாயடியில் ஒருத்தி என் காதுபடவே சொன்னாள்: "வண்டி வந்து வாசல்ல நின்னு கூப்பிட்டுதே, அப்புறம் போவாம இன்னா பண்ணுவாரு?" நான் குடத்தை நங்கென்று வைத்துவிட்டு அவளை நாலு வார்த்தை கேட்டேன். வீட்டுக்கு வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இந்தப் பிள்ளையும் போய்விடும் என்றுதான் எனக்கு உள்ளுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

கார்த்திகை மாதம், ஒரு சாயங்காலம். நல்ல மழை. நாள் வருவதற்கு முன்பே பனிக்குடம் உடைந்தது. நர்ஸம்மா வந்து தொட்டுப் பார்த்துவிட்டு, "கொழந்த குறுக்க கீது. இங்க ஒண்ணும் பண்ண முடியாது, உடனே செங்கல்பட்டு போங்க" என்றார். ஊரில் இருந்த இன்னொரு வாடகை வண்டி கல்யாணத்துக்குப் போயிருந்தது. மழையில் பஸ் நேரத்துக்கு வரவில்லை. எங்கள் வாசலில் அது மட்டும் மூக்கைத் தாழ்த்திக்கொண்டு நின்றது. மாமியாரே என் தோளைப் பிடித்து அதில் ஏற்றினார்.

பின் சீட்டில் அவர் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தேன். ஜன்னல் வழியாகப் பஜாரின் மேல் பாதி தெரிந்தது. எங்கள் சத்தம் கேட்டதும் ஷட்டர்கள் இறங்கின. ஒன்று, அடுத்து ஒன்று, கடகடவென்று எனக்காக இறங்கின. குடை பிடித்திருந்த ஓர் ஆள் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். பூக்கடையைத் தாண்டும்போது கண்ணாடியில் சாமந்தி வந்து விழுந்தது. வைப்பர் அதை அங்கும் இங்கும் இழுத்தது.

"அத்தே, நான் செத்துட்டனா?"

"வாயக் கழுவுடி!" என்று அதட்டினார். ஆனால் என் கண்ணை மூடச் சொல்லிக் கையால் பொத்தினார்.

ஊரைத் தாண்டியும் வண்டி ஓரிடத்தில்கூட வேகம் குறையவில்லை. லாரிகள் மண்ணில் இறங்கி ஒதுங்கின. ஒரகடம் கூட்டு ரோட்டில் எதிரே வந்த பஸ்ஸே நின்று வழிவிட்டது. எனக்கு வலியில் மூளை கலங்கியிருந்தாலும் ஒன்று மட்டும் புரியவில்லை. இவர் ஹாரனையே தொடவில்லை.

"ஹாரன அடிங்களேன்!" என்று கத்தினேன்.

"வேணாம்மே. பொணவண்டி ஹாரன் அடிக்காது. அடிச்சா உள்ள கீறவங்க உசுரோட கீறாங்கன்னு தெரிஞ்சிரும். அப்புறம் ஒருத்தனும் வுட மாட்டான்."

அடுத்த வலி வந்தபோது முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டேன். என் கூச்சல் வெளியே கேட்கக்கூடாது.

சிங்கப்பெருமாள் கோவில் கேட்டில் வண்டிகள் வரிசை. அவை இரண்டாகப் பிரிந்து எங்களை நடுவில் விட்டன. கேட்காரர் கம்பத்தை இறக்கத் தொடங்கியிருந்தார். சத்தத்தைக் கேட்டுப் பாதியில் கையை நிறுத்தினார். போன வருஷம் என் பிள்ளை செத்த இடத்தில், பாதி இறங்கிய கம்பத்துக்குக் கீழே, நிற்காமல் தண்டவாளத்தைத் தாண்டினோம்.

போனதும் வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். பெண் குழந்தை. நீலமாக இருந்தது, தட்டிய பிறகுதான் அழுதது என்று மாமியார் சொன்னார். உயிரோடு இருந்தது.

தையல் பிரித்துத் திரும்பி வந்தது பகலில், அதே வண்டியில். குழந்தை அந்த ஆட்டத்திலும் சத்தத்திலும் வழியெல்லாம் தூங்கியது. பஜாருக்குள் நுழைந்ததும் ஷட்டர்கள் மறுபடி இறங்க ஆரம்பித்தன. எனக்கு ஆத்திரம் உச்சந்தலை வரைக்கும் ஏறியது.

"நிறுத்துங்க. எஞ்சின நிறுத்துங்க!"

அவர் கம்பியை இழுத்தார். சத்தம் அடங்கியது, ஆட்டம் நின்றது. குழந்தை விழித்துக்கொண்டு வீரிட்டது. பாதி ஷட்டருக்குக் கீழே தலைகள் குனிந்து பார்த்தன. பூக்கடைக்காரர் பூவை வீச ஓங்கிய கையோடு நின்றார்.

"இன்னாம்மா, உசுரா?" என்று கேட்டார்.

"உசுருதாண்ணா. பொண்ணு. கடையத் தொறக்கச் சொல்லுங்க எல்லாரையும்!"

ஷட்டர்கள் மேலே போயின. அவர் ஒரு முழம் மல்லிகையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லி முடியாது. அன்றைக்கே ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. பஜாரில் தெரிந்தால் பஸ்காரனுக்கும் லாரிக்காரனுக்கும் தெரிய எத்தனை நேரம் ஆகும்?

மாசியில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்து கை கால் இழுத்துக்கொண்டது. பிழைத்துவிட்டாள், இன்று நன்றாக இருக்கிறாள். அன்று அது எங்களுக்குத் தெரியாதே. அதே வண்டி, அதே ரோடு, நாலாவது தட்டில் அதே செருமல். ஒரு ஷட்டரும் இறங்கவில்லை. ஒரு லாரியும் ஒதுங்கவில்லை. ஹாரனை அடித்துக்கொண்டே போனோம். கேட் போட்டிருந்தது. முன்னால் இருந்த பஸ்ஸின் கிளீனர் எங்களைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். "ஐயே, அந்த டூப்பு வண்டிடா!"

எஞ்சின் மட்டும் நிற்கவே இல்லை. கேட் திறக்கும்வரை என் மகளின் நெஞ்சில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.