தையல்காரரின் முள் நோட்டு

தெருமுனைத் தையல்காரரின் மனைவிக்குக் கள்ளிச்செடி ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. மரபணுவையும் உடலமைப்பையும் ஒப்பிட்டு, எந்தக் கள்ளி எதற்குச் சொந்தம் என்று கண்டுபிடிக்கும் இடம் அது. அவள் வீடு திரும்பியதும் அவர், "இன்னிக்கு எவன் குத்தினான்?" என்று கேட்டு, விரலிலிருந்து முள்ளை ஊசிமுனையால் நோகாமல் எடுப்பார். அதை அளவு நோட்டில் ஒட்டி, தேதியும், குத்திய செடியின் தொட்டி நம்பரும் எழுதுவார். சும்மா சொல்லக்கூடாது, பதினோரு வருடமாக ஒன்றைக்கூட விட்டதில்லை.

"கிறுக்கு" என்பாள் அவள்.

ஒருநாள் வாடிய முகத்தோடு வந்தாள். குட்டைக்கள்ளியும் கொடிக்கள்ளியும் நெருங்கிய சொந்தம் என்று மரபணு சொல்கிறதாம். முள்ளையும் ஒப்பிட்டுப் பார்க்கலாமென்றால், கொடிக்கள்ளி போன வருடமே அழுகிப்போயிருந்தது.

"தொட்டி நம்பர் என்ன?" என்றார்.

"நாப்பத்தொண்ணு."

நோட்டைப் புரட்டினார். "இதோ, உன்னை மூணு தடவை குத்தியிருக்கு."

மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், குட்டைக்கள்ளி முள்ளிலும் நோட்டு முள்ளிலும் அச்சு அசலாக ஒரே மாதிரிச் செதில். வெளிவந்த கட்டுரையின் நன்றிப் பட்டியலில், பேராசிரியர்களுக்கு நடுவே தையல்காரர் பெயரும் ஏறியது. அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டியது அவரல்ல, அவள்.

இப்போதெல்லாம் அவர் கேட்கும்வரை காத்திருப்பதில்லை. வந்ததும் விரலை நீட்டுகிறாள்.

"அறுபத்திரெண்டு. தேதியோட எழுதுங்க."