ஹானோக் பென்கரைச் சேர்த்துப் பத்துப் பேர்

ஹானோக் பென்கர் மெல்போர்னில் பதினேழு வருஷமாக டிராம் ஓட்டினார். பம்பாயில் பிறந்தவர். அவருடைய முன்னோர் கொங்கணக் கரையில் எண்ணெய் ஆட்டிப் பிழைத்த யூதர்கள். சனிக்கிழமையானால் செக்கை நிறுத்திவிடுவார்கள் என்று ஊரே அறியும். அங்கே அவர்களை யாரும் "நீ யூதனா?" என்று கேட்டதில்லை. அந்தக் கேள்வி ஹானோக்கின் காதில் முதன்முதலில் விழுந்தது மெல்போர்னின் கால்ஃபீல்டு பகுதியில், ஜெப ஆலய வாசலில்தான்.

ஆலயங்களைத் தாக்குகிற காலம். வாசலில் காவலுக்கு ஆள் நிற்பது நியாயம் என்று ஹானோக்குக்கும் தெரியும். ஆனால் நாலு வருஷம் வாராவாரம் வந்த பிறகும், "அடுத்து வர்ற பண்டிகை எது? உங்க எபிரேயப் பேர் என்ன?" என்று அவரை நிறுத்திக் கேட்டார்கள். அவர் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, சிட்னியிலிருந்து அன்றுதான் வந்திறங்கிய ஒரு வெள்ளைக்காரர் "ஷபாத் ஷாலோம்" என்று ஓய்வுநாள் வாழ்த்துச் சொல்லித் தலையாட்டிவிட்டு உள்ளே போய்விடுவார்.

"பாதுகாப்புக்குத்தானே கேக்குறாங்க, மில்கா" என்பார் மனைவியிடம்.

"பாதுகாப்புக்கா? உங்க மூஞ்சியைப் பாத்துக் கேக்குறாங்க" என்பாள் மில்கா. "நீங்களும் பல்லைக் காட்டிக்கிட்டே பதில் சொல்றீங்க. என்னால முடியாதுங்க." கடைசியில் அவள் வருவதையே நிறுத்திவிட்டாள். வெள்ளிக்கிழமை மாலை வீட்டிலேயே விளக்கேற்றி, காய்ந்த திராட்சையை ஊறவைத்துப் பிழிந்த சாற்றில் ஆசீர்வாதம் சொல்லிக்கொண்டாள்.

ஒரு ஜூலை மாதம், குளிர் எலும்பைத் துளைத்த காலை. எட்டரை மணிக்குத்தான் வேலை. அதற்குள் ஜெபத்தை முடித்துவிடலாம் என்று டிராம் சீருடையிலேயே ஆலயத்துக்குப் போனார் ஹானோக். உள்ளே முன்வரிசையில் டிபோர் ஹலாஸ் உட்கார்ந்திருந்தார். எண்பத்தாறு வயது, புடாபெஸ்டில் பிறந்தவர், பிள்ளைகள் இல்லை. அவருடைய மனைவி ஈலோனாவை முந்தின வாரம்தான் அடக்கம் செய்திருந்தார்கள். அடக்கத்திலிருந்து முப்பது நாளும் அவளுக்காகக் கதீஷ் என்ற இறந்தோர் ஜெபத்தைச் சொல்ல வேண்டும். பத்து ஆண்கள் கூடாமல் அந்த ஜெபத்தைச் சொல்ல முடியாது.

ஆலய நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்ட லியோன் ஸக்கர் ஆட்களைக் கணக்கெடுத்தார். யூதர்கள் மனிதரை எண் சொல்லி எண்ணமாட்டார்கள். பத்துச் சொல் உள்ள ஒரு வசனத்தைத் தலைக்கு ஒரு சொல்லாகச் சொல்வார்கள். லியோன் ஒன்பதாவது சொல்லில் நின்றுவிட்டார். ஹானோக் மீது விழுந்த பார்வை நழுவி ஜன்னலுக்குப் போனது.

"ஒருத்தர் குறையுது. பொறுத்துப் பாப்போம்."

கால் மணி நேரம் போனது. யாரும் வரவில்லை. லியோன் பின்வரிசைக்கு வந்து குனிந்தார்.

"கோவிச்சுக்காதப்பா ஹானோக். எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா உங்க ஆளுங்க விஷயத்துல சிலருக்குச் சந்தேகம் இருக்கு. ரபி ஊர்ல இல்ல. அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

ஹானோக்குக்குக் காது மடல் சுட்டது. எழுந்து வேலைக்குப் போயிருக்கலாம். இத்தனை வருஷம் செய்ததைப்போல் சிரித்தும் வைத்திருக்கலாம். அவர் பார்வை டிபோரின் கைமேல் போனது. ஜெபப் புத்தகத்தைத் திறந்து, வரியில் விரலை வைத்தபடி கிழவர் காத்திருந்தார்.

"ரபிகிட்ட அப்புறம் கேளுங்க" என்றார் ஹானோக். எல்லாருக்கும் கேட்கும்படிதான் சொன்னார். "இப்ப அந்தப் பெரியவர்கிட்டப் போயி, உங்க சம்சாரத்துக்கு இன்னைக்கு ஜெபம் இல்ல, ஏன்னா பின்னாடி உக்காந்திருக்கவன் கறுப்பா இருக்கான்னு சொல்லுங்க. உங்க வாயால சொல்லுங்க. நான் எந்திரிச்சுப் போயிடுறேன்."

டிபோருக்குக் காது மந்தம். திரும்பிப் பார்த்து எரிந்துவிழுந்தார்.

"என்னய்யா அங்க குசுகுசுன்னு? பத்துப் பேர் இருக்கீங்களா இல்லையா?"

லியோன் தரையைப் பார்த்தார். "இருக்கோம்."

"இருந்தா ஆரம்பிங்களேன்!"

டிபோர் கதீஷைப் பாதியில் நிறுத்திவிட்டார். அவர் மறுபடி தொடங்கும்வரை ஒன்பது பேரும் நின்றார்கள். ஹானோக் வேலைக்கு இருபது நிமிஷம் தாமதம். மேற்பார்வையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். மறுநாளும் ஆலயத்துக்குப் போனார். மீதி நாட்களில் ஒன்றுகூடத் தவறவில்லை.

அன்று நடந்ததைப் பிறகு யாரோ டிபோரிடம் சொல்லியிருக்க வேண்டும். முப்பதாம் நாள் அவர் ஹானோக்கின் வீட்டுக்கே வந்துவிட்டார். மில்கா அவலும் தேங்காயும் வாழைப்பழமும் பிசைந்து வைத்தாள்.

"ரொம்ப இனிப்பு" என்று முகம் சுளித்துக்கொண்டே இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டார் கிழவர். பிறகு சொன்னார்: "எனக்குப் பன்னெண்டு வயசுல, நாங்க யூதங்க இல்லன்னு எங்கம்மா பொய்க் காகிதம் வாங்கினா. அதுதான் எங்களைக் காப்பாத்துச்சு. இங்க வந்தப்புறம், யூதங்கதான்னு நிரூபிக்கக் காகிதம் கேட்டாங்க. காகிதத்துக்கு என்னம்மா தெரியும்?" மில்கா அவர் தட்டில் இன்னொரு பழத்தை வைத்தாள்.

மூன்று வருஷம் இப்படி வந்துபோய்க்கொண்டிருந்தார். இறப்பதற்கு ஒரு மாதம் முன்பு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஹானோக்கின் சட்டையைப் பிடித்து, "எனக்கு யாருப்பா கதீஷ் சொல்லுவா?" என்று கேட்டார்.

"நான் இருக்கேனே" என்றார் ஹானோக்.

டிபோரின் அடக்கத்தன்று மழை தூறியது. உறவினரும் நண்பரும் தாங்களே மண் தள்ள வேண்டும். மண்வெட்டியைக் கைமாற்றாமல் மண்ணில் குத்திவைத்து விலகுவார்கள், அடுத்தவர் எடுத்துக்கொள்வார். ஹானோக் மூன்று வெட்டு தள்ளிவிட்டுக் குத்திவைத்தார். அடுத்து வந்தவர் லியோன். அவர் மண்வெட்டியை எடுக்காமல் நின்றார்.

"ஹானோக், அன்னைக்கு நான் பண்ணினது..."

"மண்ணைப் போடுங்க, லியோன்."

லியோன் குனிந்து மண்ணைத் தள்ளினார். ஈரமண் பலகைப்பெட்டியில் விழுந்த சத்தம் கேட்டது. கொஞ்ச தூரத்தில், ஆலயத்துக்கே வராத மில்கா குடை பிடித்து நின்றிருந்தாள். ஹானோக் குழியருகே போய்ப் புத்தகத்தைத் திறந்து, கதீஷின் முதல் சொல்லைச் சொன்னார்.