ஜெர்மனி மேல் ஒரு வருத்தம்

தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் பான் நகரில் இருந்தபோது, என் அண்ணையின் அகதி வழக்கை ஜெர்மனியின் கடைசிக் கோர்ட்டும் தள்ளிவிட்டது. இனி இலங்கைக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அங்கே ஆமி அடித்த தழும்புகள் அவர் முதுகில் அப்படியே இருந்தன. வீட்டில் ஒருவருக்கும் சோறு இறங்கவில்லை.

எங்கள் வக்கீல், மழையிலும் சைக்கிளில் வருகிற ஜெர்மன்காரி, விடவில்லை. பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஐரோப்பிய நாடுகளின் மனித உரிமைக்கென்று ஒரு கோர்ட் இருக்கிறது, கடைசித் தீர்ப்பிலிருந்து ஆறு மாதத்துக்குள் போடவேண்டும், பிந்தினால் எடுக்கமாட்டார்கள் என்றார். அண்ணை உற்சாகமாக ஆமி செய்ததையெல்லாம் சொல்லத் தொடங்கினார். வக்கீல் கையை உயர்த்தித் தடுத்தார். இலங்கை அந்தக் கோர்ட்டின் அதிகாரத்துக்குள் வராது, ஜெர்மனி வரும். உங்களை அனுப்பப் பார்க்கிற ஜெர்மனி மேல்தான் வழக்கு.

அண்ணையின் முகம் மாறிவிட்டது.

"ஏலாது. சோறு போட்ட நாட்டில குற்றம் சொல்லுறதோ?"

"அப்ப பிளேனில ஏத்தேக்க நன்றி சொல்லிக் கையும் காட்டுங்கோ" என்று கத்தினேன். அவர் அசையவில்லை. மாதங்கள் போய்க்கொண்டிருந்தன.

அந்த ஆறு மாதத் தவணை முடிய இருந்த கடைசிக் கிழமை வக்கீல் எழுதி முடித்த மனுவோடு வந்தார். மேலே பெரிதாக 'பெஷ்வேர்ட' என்று இருந்தது. புகார் என்று அர்த்தம். ஆனால் எனக்கு அது டொக்டரிடம் பழகிய சொல். எங்கள் ஆட்களுக்கு மொழிபெயர்க்கப் போனால், டொக்டர் முதலில் கேட்பதே 'என்ன பெஷ்வேர்ட' என்றுதான். நான் "என்ன வருத்தம்?" என்று சொல்லுவேன். எங்கள் ஊரில் நோய்க்கு வருத்தம் என்றுதானே பெயர்; குணமானால் வருத்தம் மாறிவிட்டது என்போம். அன்றும் அந்தச் சொல்லே வாயில் வந்தது.

"அண்ணை, இது குற்றமில்லை. எங்கட வருத்தத்தைச் சொல்லுறது."

"வருத்தமோ? அதைச் சொல்லலாம்தானே" என்று கையெழுத்துப் போட்டார்.

மனு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. விசாரிக்கும்வரை அவரை அனுப்பவேண்டாம் என்று ஸ்ட்ராஸ்பூர்க் ஜெர்மனியைக் கேட்டது. தீர்ப்பு வருமுன்னமே ஜெர்மனி தானாக விசா கொடுத்துவிட்டது. அந்த நாட்டுக்கும், சொந்த நாட்டின் மேலேயே வழக்கு எழுதிய அந்தப் பெண்ணுக்கும் நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

விசா கிடைத்துவிட்டதால் வழக்கைத் திரும்பப் பெறலாமா என்று கேட்க, வக்கீல் மழையில் நனைந்தபடி வந்தார். அண்ணை தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஓம், வழக்கைத் திருப்பி வாங்கச் சொல்லு. வருத்தம் மாறீட்டுது எண்டு சொல்லு."