காரைக்காலில் திறந்த மழை வருடத்து ஒயின்

மன்னார்குடிக்காரி ரெட் ஒயினைப் பற்றி எழுதுகிறாளே என்று சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளலாம். பதினைந்து வருடமாக எனக்குச் சோறு போடுவது அதுதான். பெங்களூரில் ஓர் ஓட்டல் நிறுவனத்துக்கு ஒயின் ருசி பார்த்து வாங்கிக் கொடுப்பது என் வேலை. இதை ஊரில் சொன்னால் முதலில் முகம் சுளிப்பார்கள், பிறகு சம்பளம் எவ்வளவு என்று கேட்பார்கள். இந்தப் பயணம் வேலைக்காகப் போனதல்ல. பள்ளித் தோழி தமயந்தி கூப்பிட்டதால் போனது.

தமயந்தி மன்னார்குடியில் ஆசிரியை. அவள் கணவர் ராஜசேகர் மஸ்கட்டில் பல வருடம் என்ஜினீயராக இருந்தவர். எங்கள் வயதுக்காரர்களில் பாதிப் பேர் படித்ததே வெளியே போகத்தான். அவர் போனதில் வியப்பில்லை. திரும்பி வந்தவர் தஞ்சாவூரில் வீடு கட்டாமல் நாசிக்கில் திராட்சைத் தோட்டம் வாங்கியதுதான் வியப்பு. கேபர்னே சாவின்யான், மெர்லோ என்று இரண்டு திராட்சைகளைக் கலந்து, பிரான்ஸில் போர்தோ பக்கம் செய்வதைப் போல ஒயின் போடுகிறார். முதல் அறுவடையிலேயே பருவம் தப்பி மழை கொட்டிவிட்டது. அந்த வருட ஒயின்தான் இந்தக் கதை.

"அவரு கிடங்குல போட்டுப் பூட்டிட்டாருடி," என்றாள் தமயந்தி போனில். "இன்னும் அஞ்சு வருஷம் கெடக்கட்டும், நல்லா வரும்கிறாரு. அது வரைக்கும் கிடங்கு வாடகைக்கும் தோட்டத்துச் செலவுக்கும் என்ன செய்யறது? மஸ்கட்ல பழைய கம்பெனி திரும்பக் கூப்பிடுது. மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லணும். போறேங்கிறாரு."

"நான் என்ன பண்ணணும்?"

"நீ குடிச்சுப் பாத்து உள்ளதைச் சொல்லு. நீ சொன்னா கேக்கறேன்னு சொல்லியிருக்காரு. வைக்கலாம்னா வைக்கட்டும், அவரு போகட்டும். எனக்காகப் பொய் மட்டும் சொல்லிடாத."

அந்தக் கடைசி வாக்கியம் ரயில் ஏறும்வரை என்னை விடவில்லை. வைத்தால் ஒயின் தேறும் என்று நாக்கு சொன்னால் தோழியின் கணவரை நானே விமானம் ஏற்றி அனுப்ப வேண்டும். ஆனாலும் மனசு குதித்தது என்பதை மறைப்பானேன். கஷ்டமான வருடத்து ஒயினைத் திறப்பதைப் போன்ற சந்தோஷம் என் தொழிலில் வேறில்லை. நல்ல வருடத்தில் எல்லோரும் கெட்டிக்காரர்கள்தான்.

பொங்கல் முடிந்த மறுவாரம், பெங்களூரிலிருந்து இரவு ரயிலில் கிளம்பிக் காலையில் தஞ்சாவூரில் இறங்கினேன். அதே ரயிலில் கும்பகோணம்வரை போயிருக்கலாம். ஆனால் தை மாத வயலைக் காரிலிருந்துதான் பார்க்க வேண்டும். கூத்தாநல்லூர்க்காரரான காதர் பாய் காரோடு வந்திருந்தார். குவைத்தில் நெடுங்காலம் வண்டி ஓட்டியவர். காலை முதல் இரவு வரை, அவர் படியையும் சேர்த்து, வாடகை 4,500 ரூபாய்.

"காரைக்காலுக்கு என்ன விஷயமா மேடம், திருநள்ளாறா?" என்றார்.

"இல்ல பாய். ஒயின் குடிக்க."

கண்ணாடியில் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, "சரிங்க," என்று கியரை மாற்றினார்.

சாலையின் இரண்டு பக்கமும் சம்பா அறுவடை மும்முரம். அறுவடை இயந்திரங்கள் பாதிச் சாலையை அடைத்துக்கொண்டு நகர்ந்தன. மீதிப் பாதியில் நெல்லைக் காயப்போட்டிருந்தார்கள். கண்ணை எடுக்க முடியாத மஞ்சள் அது. தாராசுரத்தில் இறங்காமல் போனதற்கு என்னைத் திட்டலாம், திட்டுங்கள், நியாயம்தான்.

கும்பகோணம் நாற்பது கிலோமீட்டர். வழியில் நெல் காய்ந்ததால் ஒன்றேகால் மணி நேரம் ஆனது. டிகிரி காபி குடித்ததும் கை பரபரத்து, பக்கத்துப் பாத்திரக் கடையில் பித்தளை டபரா செட் ஒன்று வாங்கினேன். 650 ரூபாய். "உள்ள ஈயம் பூசித் தரட்டுங்களா?" என்று கடைக்காரர் கேட்டார். காத்திருக்க நேரமில்லை, பெங்களூரில் பூசிக்கொள்கிறேன் என்று அப்படியே வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

நாச்சியார்கோயில், பூந்தோட்டம், அம்பகரத்தூர், திருநள்ளாறு வழியாகக் காரைக்கால் இன்னொரு ஐம்பத்தைந்து கிலோமீட்டர். காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது என்பது தெரிந்ததுதான். ராஜசேகரின் ஒயின், நாசிக் கிடங்கைத் தாண்டி வெளியே வந்திருப்பது இங்கே ஒரு கடைக்கு மட்டும், அதுவும் பார்வைக்கு அனுப்பிய சில பெட்டிகள். ஏசி கடைதான், பாட்டிலையும் படுக்க வைத்திருந்தார்கள். 900 ரூபாய் வீதம் இரண்டு பாட்டில், ரசீதோடு வாங்கினேன். கடற்கரைச் சாலையில் ஓர் ஓட்டலில் பகல் வாடகை 1,800க்கு அறை எடுத்தேன். தமயந்தியும் ராஜசேகரும் மன்னார்குடியிலிருந்து வந்து வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தார்கள், பெண் பார்க்க வந்தவர்களைப் போல நிமிர்ந்து.

ராஜசேகர் நல்ல மனிதர். பிடிவாதமும் நல்ல பிடிவாதம். அறைக்கு வந்து நான் கார்க்கைத் தொடுவதற்கு முன்பே வாதத்தைத் தொடங்கிவிட்டார். "எங்க வீட்ல புது நெல்லைச் சூட்டோட சூடா வித்ததே இல்லைங்க. புது அரிசி குழைஞ்சுடும். ஒரு வருஷம் கெடந்த அரிசின்னா சோறு உதிரி உதிரியா நிக்கும், வெலையும் கூட. மழைல அடிபட்ட சரக்குன்னா இன்னும் கொஞ்ச நாள் கெடக்கணும். அவ்வளவுதானே?"

டெல்டாக்காரர் மட்டுமே செய்யக்கூடிய தவறு இது என்று சொல்லத் தோன்றியது. ஆனால் போர்தோ பாணி ஒயினில் வருடக்கணக்கில் வைத்தால் தேறுபவை நிறைய உண்டு. இதுவும் அந்த ரகமாக இருந்துவிட்டால்? வாயை மூடிக்கொண்டு, பாட்டிலை இருபது நிமிடம் ஐஸ் வாளியில் வைத்துத் திறந்தேன்.

நிறம் பரவாயில்லை. நாவல் பழச் சாற்றில் கொஞ்சம் தண்ணீர் சேர்ந்த நிறம், ஓரத்தில் மெலிந்திருந்தது. மழையில் திராட்சை தண்ணீர் குடித்தால் இப்படித்தான் ஆகும். மூக்கருகே கொண்டுபோனேன். அடப்பாவமே. ஊசிப்போன முட்டை. அதன் பின்னால் தீக்குச்சி கிழித்த நெடி.

"கெட்டுப் போச்சா?" என்றாள் தமயந்தி. ராஜசேகர் முகம் செத்துவிட்டது. ஆனால் உடனே சுதாரித்துக்கொண்டு, "பாத்தீங்களா, இதுக்குத்தான் சொல்றேன். இன்னும் ஆகல. காலம் வேணும்," என்றார்.

"மழையப்ப கந்தகம் அடிச்சீங்களா?"

"அடிக்காம? பூஞ்சை வந்துச்சே. அறுப்புக்கு முந்தி வரைக்கும் அடிச்சோம்."

எனக்கு உள்ளே ஒரு விளக்கு எரிந்தது. கொடியில் அடித்த கந்தகம் பழத்தோலில் தங்கிவிட்டால், ஒயின் நொதிக்கும்போது இந்த முட்டை நாற்றத்தைக் கிளப்பும். ஒயின் கெட்டதற்கு அது அடையாளமில்லை. நல்ல வாசனையை மேலே ஏதோ அழுத்திக்கொண்டிருக்கிறது என்றுதான் அர்த்தம். செம்பு பட்டால் அந்த நாற்றம் அடங்கும். வேலையிடத்தில் இப்படி ஒரு பாட்டில் வந்தால் கழுவிய செப்புக் காசு ஒன்றை டம்ளரில் போட்டுப் பார்ப்போம். காசுக்கு எங்கே போவது என்று யோசித்தேன். பித்தளையில் பாதிக்கு மேல் செம்புதானே, நல்லவேளையாக உள்ளே ஈயமும் பூசவில்லை. காதர் பாயைக் கூப்பிட்டு வண்டியிலிருந்த டபராவைக் கொண்டுவரச் சொன்னேன்.

டபராவைக் கொதிக்கும் நீரில் கழுவித் துடைத்து, ஒயினை ஊற்றி, டம்ளருக்கும் டபராவுக்குமாக ஆற்ற ஆரம்பித்தேன். கை நன்றாக உயர்த்தி, நுரை கட்ட. ராஜசேகர் எழுந்தே விட்டார்.

"என்னங்க இது, காபியா?"

"கொஞ்சம் உக்காருங்க."

காதர் பாய் வாசலில் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு சொட்டும் தொடாதவர். ஆனால் நான் ஆற்றிய உயரத்தைப் பார்த்துத் தலையை ஆட்டியதில் மரியாதை இருந்தது.

ஆற்றியதை ஒரு கண்ணாடிக் கோப்பையிலும், ஆற்றாததை இன்னொன்றிலும் ஊற்றினேன். ராஜசேகரைத் திரும்பி உட்காரச் சொல்லி, கோப்பைகளை இடம் மாற்றி வைத்து, இரண்டும் வெவ்வேறு பாட்டிலிலிருந்து ஊற்றியவை என்பதைப் போலப் பாவனை செய்தேன். ஆற்றாததை முகர்ந்து மூக்கைச் சுருக்கினார். மற்றதை முகர்ந்தார், குடித்தார், இன்னொரு வாய் குடித்தார். முகம் மெல்ல மலர்ந்தது.

"இது எங்க ஒயின் இல்லையே. யாரோ நாலஞ்சு வருஷம் வச்சு எடுத்தது."

"உங்க ஒயின்தான். அதே பாட்டில். பத்து நிமிஷத்துக்கு முன்னாடி முட்டை நாத்தம் அடிச்சதே, அதுதான்."

நானும் குடித்தேன். குடித்ததும் மேசையைத் தட்டினேன், அவ்வளவு சந்தோஷம். நாவல் பழம் முன்னால் வந்து நின்றது. பின்னாலேயே குடமிளகாயின் பச்சை வாசனை. கேபர்னே முழுசாகப் பழுப்பதற்குள் மழைக்குப் பயந்து பறித்திருக்கிறார்கள். ஓரத்தில் மரப்பீப்பாய் கொடுத்த கிராம்பு. புளிப்பு துடிப்பாக, துவர்ப்பு வாழைப்பூ அளவுக்கு மெல்லிசாக இருந்தது. உடம்பு ஒல்லிதான், ஆனால் எலும்பும் தோலுமில்லை. பாடாய்ப்பட்ட ஒரு வருடத்திலிருந்து இப்படி ஒரு ஒயின் வந்திருப்பதே பெரிய காரியம். அதை அவரிடம் அப்படியே சொன்னேன். அவர் கண் கலங்கியதைப் பார்க்காததைப் போலத் தமயந்தி சாப்பாட்டு அட்டையை எடுத்து விரித்தாள்.

ஆனால் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. வைக்கலாமா, கூடாதா?

அதற்கு ஒரு வழி இருக்கிறது. கோப்பையில் ஒயினைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருப்பது. நாள் தாங்கும் ஒயின் காற்றில் இன்னும் விரியும், தாங்காதது சரியும். ஆற்றியதில் பாதியைத் தொடாமல் மேசை நடுவில் வைத்துவிட்டு, சோறும் மட்டன் கோலா உருண்டையும் வரவழைத்தோம். கோலா உருண்டையோடு அந்த ஒயின் போன போக்கு இருக்கிறதே, போர்தோக்காரர்கள் பார்த்திருந்தால் பொறாமைப்பட்டிருப்பார்கள். சாப்பிடும்போது மூவரும் அடிக்கடி நடுவிலிருந்த கோப்பையையே பார்த்துக்கொண்டோம்.

இலையை மடித்ததும் ராஜசேகரே அதை எடுத்துக் குடித்தார். இரண்டாவது வாய்க்குப் பிறகு கோப்பையைக் கீழே வைத்தார்.

"பழம் போயிடுச்சுங்க. புளிப்பு மட்டும் நிக்குது."

"ஆமாங்க. ஒரு சாப்பாட்டுக்குள்ளயே இப்படின்னா அஞ்சு வருஷம் தாங்காது. அரிசில தண்ணி வத்த வத்தச் சோறு நல்லாருக்கும். இதுல வத்தறதுக்கு இருக்கறதே பழம்தான், அதுவும் கொஞ்சம். இந்த வருஷமே குடிச்சுடணும். குடிக்கறவங்களுக்கு நல்ல ஒயின் இது. வைக்கறவங்களுக்கு இல்ல."

உங்கள் ஓட்டல்களுக்கு இதை எடுத்துக்கொள்வீர்களா என்று அவர் கேட்டார். என் பட்டியலில் கோப்பையாக விற்கும் வரிசையில் இதைச் சேர்க்கலாம், மேலே இருப்பவர்கள் சம்மதிக்க வேண்டும், தோழிக்காகச் சிபாரிசு செய்ய மாட்டேன், ஒயினுக்காகச் செய்வேன் என்றேன். முதலில் நாசிக்கில் இன்னும் பாட்டிலில் அடைக்காமல் தொட்டியில் இருப்பதிலும், அடுத்த அறுவடையிலும் கந்தகத்தைக் கவனிக்கச் சொன்னேன். பிறகு அவர் நாசிக்கில் கிடங்கு பார்த்துக்கொள்பவரோடு பேச வராந்தாவுக்குப் போனார்.

அவர் பேசி முடிப்பதற்குள் உங்களுக்கான விவரங்களைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பாதைக்கு தை, மாசி சரியான நேரம். சித்திரையில் போனால் ஒயினும் நீங்களும் சேர்ந்து கொதிப்பீர்கள். காரைக்காலில் வாங்கியதைக் காரைக்காலிலேயே குடியுங்கள், பாட்டிலோடு எல்லை தாண்ட நினைக்காதீர்கள். கார் ஓட்டுபவர் குடிக்கவே கூடாது, எனக்குக் காதர் பாய் கிடைத்தார். முட்டை நாற்றம் அடித்தால் உடனே கொட்டிவிடாமல் ஈயம் பூசாத பித்தளையில் ஆற்றிப் பாருங்கள். நாலைந்து முறை போதும், அதிலேயே ஊற வைத்துவிடாதீர்கள். காய்ந்த பழத்தோல், காடி, ஈர அட்டைப்பெட்டி வாசனை அடித்தால் டபராவாலும் ஒன்றும் செய்ய முடியாது. மழை வருடத்து ஒயின் வீட்டில் இருந்தால் இன்றைக்கே திறந்துவிடுங்கள்.

வராந்தாவிலிருந்து ராஜசேகரின் குரல் உரக்கக் கேட்டது. "பூட்டைத் தொறங்க. ஆமா, எல்லாத்தையும்தான். நாளைக்கு இல்ல, இன்னைக்கு."

தமயந்தி இதுவரை ஒரு சொட்டும் குடிக்காதவள். என் கோப்பையை எடுத்து முகர்ந்தாள், உதட்டை நனைத்துக்கொண்டாள், முகத்தைச் சுளித்தாள். பிறகு வராந்தாப் பக்கம் பார்த்தபடி சொன்னாள்.

"மஸ்கட்டுலேருந்து ஒவ்வொரு தடவை பேசும்போதும் அடுத்த வருஷம் வந்துடறேன், அடுத்த வருஷம் வந்துடறேன்னு சொன்னவருடி. இன்னைக்குன்னு சொல்லி இப்பதான் முதல் தடவையா கேக்கறேன்."

கோப்பையை என்னிடம் திருப்பித் தராமல் இன்னொரு வாய் குடித்தாள்.